தனிக்குடித்தனம் போகும் இருவருக்கு

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட வந்த இடத்தில்தான் கணவனின் பழைய பாக்கி மனைவிக்குத் தெரியவரும். அங்கேயே கண் கலங்கியவர்கள் உண்டு. அதனால் காசிலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1. கடன்களை இருவரும் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். கல்விக் கடன், கிரெடிட் கார்டு, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கைமாற்று எல்லாம். நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தைத்தான் பலரும் மறைப்பார்கள். அவன் கட்டாவிட்டால் பாக்கி முழுவதையும் உங்களிடமே கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு இடம் தருகிறது. "ஏதோ கொஞ்சம் இருக்கு" என்பது பதிலாகாது. தொகையைச் சொல்லுங்கள்.

2. பெற்றவர்களுக்கு அனுப்பும் பணம். மாப்பிள்ளை அனுப்பினால் கடமை, பெண் அனுப்பினால் சலுகை என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் ஓடுகிறது. எனக்கு அது பிடிக்காது. எந்த வீட்டுக்கு எவ்வளவு, திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எதிலிருந்து எடுப்பது என்று பேசி முடியுங்கள். முடிவை அவரவர் அம்மா அப்பாவிடம் அவரவரே சொல்ல வேண்டும். "அவ வேண்டாம்னுட்டா" என்று பழியைத் தள்ளிவிடக் கூடாது, மாப்பிள்ளை.

3. நகை அவளுடையது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடகு வைக்கும் நிலை வந்தால் கேளுங்கள். "மாட்டேன்" என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். தந்தால், மீட்கும் மாதத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

4. வாடகைக்கும் மளிகைக்கும் ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட் போதும். மீதி அவரவர் கணக்கில் இருக்கட்டும். அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். பி.எஃப். நாமினியைக் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாகப் போட வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள்.

5. போன் பாஸ்வேர்டு: தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டு வாங்காதீர்கள்.

6. குழந்தை எப்போது என்பதை அத்தைமார்கள் முடிவு செய்ய விடாதீர்கள். 2017 முதல் அம்மாவுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு விடுப்பு தரச் சட்டம் ஒன்றும் இல்லை. 27ஆவது வாரம் பிள்ளையை யார் பார்ப்பது? "அம்மா வந்து பார்த்துப்பாங்க" என்றால், அந்த அம்மாவைக் கேட்டாயிற்றா?

7. ராத்திரி பதினோரு மணிக்கு, அசந்துபோய்ச் சொன்ன "சரி"யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் காபியோடு இன்னொரு முறை கேளுங்கள். "இல்லை" என்று சொல்லவே பயமாக இருந்தால், கண்ணே, அங்கே ஒப்பந்தம் எதுவும் இல்லை. எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 181ஐ அழை; அது பெண்களுக்கான இலவச உதவி எண்.

8. பேசி முடித்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை மாறினால், வாடகை ஏறினால், ஊரிலிருந்து அப்பா வந்து தங்கினால், உட்கார்ந்து அடித்துத் திருத்துங்கள்.