சிறுபொழுதும் பெரும்பொழுதும்: மேசைப் பாத்திர விளையாட்டுகளில் நாடாளுதலும் சாகசமும்

ஆய்வுச் சுருக்கம்

பாத்திரமேற்று ஆடும் கற்பனை மேசை விளையாட்டுகளில், அலைந்து திரியும் வீரர்களாகத் தொடங்கும் பாத்திரங்கள் நாளடைவில் நிலமும் குடிகளும் உடைய ஆட்சியாளர்களாக உயர்கின்றனர். அந்நிலையில் ஆட்சி வெறும் கணக்கேடாகச் சுருங்குவதும், சாகசத்தின் விறுவிறுப்பில் ஆட்சியே மறக்கப்படுவதும் பரவலாகக் காணப்படும் இடர்கள். இரு கூறுகளுக்கும் சம நேரம் ஒதுக்குவதால் இச்சிக்கல் தீராது. இரண்டும் இயங்கும் காலஅளவுகளையும் செல்வஅளவுகளையும் விதிகள் எவ்வாறு பிணைக்கின்றன என்பதே அடிப்படை என இக்கட்டுரை வாதிடுகிறது. 1974 முதல் 2024 வரை வெளிவந்த விதிநூல்கள் சில சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாத்திர விளையாட்டு, ஆட்சி, சாகசம், பொழுது, விதிநூல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பென்டிராகன்.

முன்னுரை

மேசைப் பாத்திர விளையாட்டு என்பது நான்கைந்து பேர் ஒன்றுகூடி, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, உரையாடலாலும் பகடையாலும் ஒரு கதையை நிகழ்த்தும் ஆட்டம். அவர்களுள் ஒருவர் எப்பாத்திரத்தையும் தமதாகக் கொள்ளாமல் உலகையும் பகைவரையும் பிற மாந்தரையும் இயக்குவார். அவரை இங்கு நெறியாளர் எனக் குறிக்கிறோம். ஆட்டத்தின் போக்கை முன்கூட்டி எழுதிய பனுவல் இல்லை. விதிநூல் மட்டுமே உண்டு. எனவே இக்கலையை ஆராய்வோர் கதையை அன்று, கதையை விளைவிக்கும் விதிகளையே முதன்மைச் சான்றாகக் கொள்ளவேண்டியுள்ளது.

ஆட்சியும் சாகசமும் முரணும் சிக்கல் இவ்விளையாட்டின் தோற்றத்திலேயே இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவ் அர்னெசன் 1971 அளவில் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில், ஒரு கோட்டையும் அதைச் சூழ்ந்த சிற்றரசும் வீரர்களின் பொறுப்பில் இருந்தன. கோட்டைக்கு அடியில் நிலவறைகளும் இருந்தன. வீரர்கள் நிலவறைகளில் புதையல் தேடுவதில் மூழ்கினர். மேலே இருந்த நாடு பகைவர் கைப்பட்டது. காவலில் தவறியவர்கள் தொலைவிலிருந்த ஏரிப்பகுதி ஒன்றுக்குப் பெயர்ந்து செல்ல நேர்ந்தது. இன்று பல ஆட்டக்குழுக்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு அங்கு முழுவடிவில் அமைந்துவிட்டது. ஆயினும் அர்னெசனின் தீர்வு பிற்கால விதிநூல்கள் பலவற்றினும் செம்மையானது எனக் கருத இடமுண்டு. அவர் வீரர்களைத் தடுக்கவில்லை. நாட்டை நிறுத்தியும் வைக்கவில்லை. அவர்கள் கீழே இருந்த காலம் மேலேயும் ஓடியது.

பொழுதின் இருமை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது. பொழுது, ஆண்டின் பருவங்களைக் குறிக்கும் பெரும்பொழுது, நாளின் கூறுகளைக் குறிக்கும் சிறுபொழுது என இருவகையாக விளக்கப்படும். இவ்விளையாட்டுகளுக்கும் திணைக் கோட்பாட்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இவ்விரு சொற்களும் நாம் எடுத்துக்கொண்ட சிக்கலைத் துல்லியமாகச் சுட்ட உதவுகின்றன. அந்த அளவிலேயே அவை இங்கு கடன்கொள்ளப்படுகின்றன.

சாகசம் சிறுபொழுதில் நிகழ்வது. 1979-இல் கேரி கைகாக்ஸ் எழுதி வெளிவந்த நெறியாளர் நூல் நிலவறைக் காலத்தைப் பத்து நிமிடங்கள் கொண்ட முறைகளாகவும், போர்க்காலத்தை ஒரு நிமிடச் சுற்றுகளாகவும், அதனையும் ஆறு நொடிக் கூறுகளாகவும் பகுத்தது. ஒரு தீப்பந்தம் எத்தனை முறை எரியும் என்பது அங்கு உயிர்ப் பிரச்சினை. நாடாளுதலோ பெரும்பொழுதில் நிகழ்வது. வரி மாதந்தோறும் வரும். விளைச்சல் பருவந்தோறும் வரும். கோட்டை எழப் பல மாதங்கள் ஆகும். மூன்று மாலை அமர்வுகளில் ஆட்டக்காரர் கடந்தது நான்கே நாள்கள் எனில், அவர்தம் நாட்டில் அதற்குள் என்ன நிகழ்ந்திருக்கக்கூடும்? ஏறத்தாழ எதுவும் இல்லை. ஓராண்டு ஆட்சியை ஒரு மாலையில் நடத்தி முடித்தாலோ வீரர்கள் வாளெடுக்க இடமிராது. இரு கூறுகளும் ஒன்றையொன்று வெறுப்பதற்குக் காரணம் ஆட்டக்காரரின் சுவை வேறுபாடு மட்டுமன்று. அவற்றின் கடிகாரங்களே வேறு.

அதே நூலில் கைகாக்ஸ் காலக்கணக்கைக் கண்டிப்பாகப் பேணவேண்டும் என்று பெரிதும் வலியுறுத்தினார். பிற்காலத்தார் பலர் இதனை ஒரு கணக்காளரின் பிடிவாதமாகக் கண்டு நகைத்தனர். அது பொருந்தாது. காலக்கணக்கு இல்லாத இடத்தில் வீரன் வெளியே சென்றதால் நாடு இழந்தது யாது என்ற வினாவுக்கு விடையே இராது. விடை இல்லாதபோது அவன் செல்வதும் செல்லாதிருப்பதும் ஒன்றே.

இவ்விரு பொழுதுகளையும் மிகத் திறம்படப் பிணைத்தது 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய பென்டிராகன். ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றிய இவ்விளையாட்டில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாகசம். அது முடிந்ததும் குளிர்காலக் கட்டம் வரும். அப்போது பகடை உருட்டி அறியப்படுவன: பண்ணையின் வருவாய், குதிரைகளின் உயிர், மனைவி மக்களின் நலம், வீரனின் முதுமை. முப்பத்தைந்து அகவை கடந்த வீரன் ஆண்டுதோறும் மூப்புப் பகடை உருட்டவேண்டும். அவன் இறந்தால் அவன் மகன் அப்பாத்திரத்தின் இடத்துக்கு வருவான். 2006-இல் வெளிவந்த பெருந்தொடர் நூல் கி.பி. 485 முதல் 566 வரை ஆண்டுவாரியாக இவ்வாறே நகர்கிறது. இங்கு ஆட்சி என்பது ஒரு சிறு பண்ணையே. அதன் கணக்கு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். எனினும் அக்கணக்கின் விளைவு அடுத்த சாகசத்தில் வந்து நிற்கும். குதிரை இறந்த வீரன் நடந்தே போருக்குப் போகிறான். மகன் இல்லாத வீரன் எதிரியின் ஈட்டியைக் காணும்போது வேறு வகையில் சிந்திக்கிறான்.

பொற்காசும் அரசுக் கருவூலமும்

முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல்கள் 1974-இல் வெளிவந்தபோதே, உயர்நிலை வீரன் கோட்டை கட்டிச் சிற்றரசன் ஆகலாம் என்ற எதிர்பார்ப்பு விதியாக்கப்பட்டிருந்தது. 1978-இன் ஆட்டக்காரர் நூல் அதனை விரித்துரைத்தது. ஒன்பதாம் படிநிலையை எட்டிய போர்வீரன் கோட்டை கட்டி, சுற்றிலும் 20 முதல் 50 மைல் வரை பகை உயிர்களை அகற்றினால், படைவீரர் அவனை நாடி வருவர். குடி ஒருவருக்கு மாதம் ஏழு வெள்ளிக்காசு வருவாயும் கிடைக்கும்.

இவ்விதியைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டாயிரம் குடிகள் உள்ள நிலத்தில் மாத வருவாய் 14,000 வெள்ளிக்காசு. அவ்விளையாட்டில் இருபது வெள்ளி ஒரு பொன்னுக்குச் சமம். ஆகவே 700 பொற்காசு. படையின் ஊதியமும் கோட்டைச் செலவும் இதிலிருந்து கழியும். மறுபுறம், அதே போர்வீரன் ஒன்பதாம் படியிலிருந்து பத்தாம் படிக்கு உயர 2,50,000 அனுபவப் புள்ளிகள் தேவை. நிலவறையிலிருந்து மீட்டுவந்த புதையலில் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி என்பது பொது விதி. வரியாக வந்த காசை இக்கணக்கு கருதவில்லை. அதாவது, விதிநூல் ஒரு கையால் நாட்டைத் தந்து, மறு கையால் வீரனைக் காட்டுக்கு இழுக்கிறது. உயர்நிலை ஆட்டக்காரர் ஆட்சியைப் புறக்கணித்தனர் என்று அவரைக் குறைகூறுவோர் இக்கணக்கை நோக்குவதில்லை. வளர்ச்சி எங்கே வைக்கப்பட்டதோ அங்கேயே அவர் சென்றார்.

பின்வந்தோர் இதனை உணர்ந்தே அரசின் செல்வத்தைத் தனி அளவையில் வைத்தனர். 1995-இன் பர்த்ரைட், நாட்டின் கருவூலத்தை ஒவ்வொன்றும் 2,000 பொற்காசு மதிப்புள்ள பொற்கட்டிகளாலும், அரசனின் செல்வாக்கை ஆட்சிப் புள்ளிகளாலும் அளந்தது. பாத்ஃபைண்டர் விளையாட்டின் கிங்மேக்கர் தொடர் 2010-இல் வெளிவந்தது. அதன் ஆட்சி விதிகளை விரித்தமைத்த 2013-ஆம் ஆண்டு நூலில் ‘கட்டுமானப் புள்ளி’ என்னும் அளவை உள்ளது. வீரர்கள் தம் பையிலிருந்து 4,000 பொற்காசு செலுத்தினால் அரசுக்கு ஒரு புள்ளி. அப்புள்ளியைத் தம் தேவைக்குத் திரும்ப எடுத்தால் கிடைப்பது 2,000 மட்டுமே, நாட்டில் அமைதியின்மையும் உயரும். கருவூலத்தில் கைவைக்கும் மன்னனைக் குடிகள் எவ்வாறு காண்பர் என்பதை அறவுரை ஏதுமின்றி ஒரு மாற்று விகிதமே கூறிவிடுகிறது. இவ்வகை நூல்களில் எமக்கு மிகவும் உவப்பான விதிகளுள் இது ஒன்று.

ஆயினும் கிங்மேக்கரின் மாதாந்த ஆட்சிமுறை, பராமரிப்பு, ஆணை, வருவாய், நிகழ்வு என நான்கு கட்டங்களாக நீள்கிறது. நகரம் வளர வளரக் கூட்டல் கழித்தலும் வளர்கிறது. நடைமுறையில் ஒருவர் கணக்கெழுத மற்றவர் காத்திருக்கும் நிலை எளிதில் தோன்றும். பென்டிராகனின் பண்ணைக் கணக்கு ஏன் சிறியதாக வைக்கப்பட்டது என்பது இங்கு விளங்கும்.

ஒரே அரியணையும் பல ஆட்டக்காரரும்

நாட்டுக்கு ஒரு மன்னன், மேசைக்கோ நால்வர். கதைநூல் எழுதுவோர்க்கு இல்லாத இச்சிக்கலை விதிநூலாசிரியர் பலவாறு அணுகியுள்ளனர். பர்த்ரைட் ஒரே நிலத்தை அடுக்குகளாகப் பகுத்தது: போர்வீரனுக்கு மாநிலமும் சட்டமும், சமயத் தலைவனுக்குக் கோயில்கள், கள்வனுக்கு வணிகக் குழாம்கள், மந்திரவாதிக்கு நிலத்தின் மாய ஊற்றுகள். அனைவரும் ஆட்சியாளரே, ஆனால் ஒவ்வொருவர் நலனும் ஒவ்வொரு திசையில் இழுக்கும். மூன்று மாதங்கள் கொண்ட ஆட்சிமுறையில் மாதம் ஒரு செயற்சுற்று வரும். எஞ்சிய காலத்தில் நால்வரும் ஒன்றாகச் சாகசத்துக்குப் போகக் காரணம் தேடுவது நெறியாளரின் தலைவலி. கிங்மேக்கர் அமைச்சு, படைத்தலைமை, கருவூலம், ஒற்றர் தலைமை முதலிய பதவிகளைப் பகிர்ந்தளித்தது. பதவி ஏற்றவர் மாதத்தில் ஒரு வாரமேனும் பணியில் இருக்கவேண்டும் என்றது. எஞ்சிய மூன்று வாரங்கள் காட்டுக்கு உரியவை. நேர்மையான உடன்பாடுதான்.

1987-இல் ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் உருவாக்கிய ஆர்ஸ் மஜிகா வேறொரு வழியைக் கண்டது. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைப்பாத்திரமும் உண்டு. ஏவலரும் காவலரும் அனைவர்க்கும் பொது. மந்திரவாதி ஒரு பருவம் முழுதும் ஆய்வறையில் அடைந்துகிடக்க விரும்பினால் கிடக்கலாம். அவரை ஆடுபவர் அன்றைய மாலை ஒரு காவலனாக வெளியே செல்வார். நாட்டில் தங்குதலும் வெளியே செல்லுதலும் ஒரே ஆளின் இரு கடமைகள் என்ற கருதுகோளையே இது கைவிட்டது.

2007-இல் கிரெக் ஸ்டோல்ஸ் எழுதிய ரெய்ன், ஆட்சியமைப்பையே ஐந்து பண்புகள் கொண்ட ஒரு பாத்திரம் போல் அமைத்தது. வீரர்களின் தனிச்செயல்கள் அவ்வமைப்பின் பகடைக்கு வலுச்சேர்க்கும். இதற்கு நேர்மாறாக, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024-ஆம் ஆண்டு நெறியாளர் நூல் ஐந்தாம் படிநிலை முதலே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி அரண்மனை தருகிறது. ஏழு நாளுக்கு ஒரு முறை அதற்கு ஆணையிடலாம். எளிமையும் விரைவும் உண்டு. ஐம்பது ஆண்டுகளில் முதல்முறையாகப் புதிய ஆட்டக்காரரும் இதனைத் தயங்காமல் கையாளக்கூடும். ஆனால் அங்கு பணியாளர் உளர், வரி செலுத்தும் குடிகள் இலர். பட்டறையும் நூலகமும் உள, எல்லை இல்லை. சிக்கல் தீர்க்கப்பட்டது என்பதைவிட, ஆட்சி என்ற கூறு வீடு என்ற கூறாகக் குறுக்கப்பட்டது என்பதே பொருத்தம்.

மேசையில் ஒரு பயிற்சி

மேற்கூறியவற்றை எந்த விதிநூலுடனும் இணைத்துக் கையாளலாம். எல்லைப்புறச் சிற்றரசு ஒன்றின் தலைவியும் அவள் தோழர் மூவரும் ஆட்டத்தில் உள்ளனர் எனக் கொள்வோம். அமர்வின் தொடக்கத்தில் நெறியாளர் மூன்று செய்திகளை மட்டும் முன்வைக்கிறார்: ஆற்றுப்பாலம் இடிந்தது, சுங்கம் மிகுதி என வணிகர் முறையிடுகின்றனர், சுரங்கத்தில் பழைய கல்லறை ஒன்று வெளிப்பட்டதால் தொழிலாளர் உள்ளே இறங்க மறுக்கின்றனர். குழு நேரில் செல்லக்கூடியது ஒன்றுக்கு மட்டுமே. மற்ற இரண்டையும் யாரிடம் ஒப்படைப்பது, என்ன ஆணையிடுவது என்பதை அவர்கள் முடிவு செய்கின்றனர். இதற்கு இருபது நிமிடங்கள் போதும். ஒப்படைக்கப்பட்டவற்றுக்கான பகடை அப்போதே உருட்டப்படும். விளைவு குழு திரும்பும் நாள்வரை நெறியாளரிடமே இருக்கும்.

அவர்கள் கல்லறையைத் தேர்கின்றனர் எனில், போகவர ஆறு ஆறு நாள்கள், உள்ளே நான்கு நாள்கள், ஆகப் பதினாறு நாள்கள் நாட்குறிப்பில் கழிகின்றன. கல்லறையில் அவர்கள் காண்பது பொன் மட்டுமாயின் பிணைப்பு அறுந்துவிடும். அங்கே அண்டை நாட்டுடன் முன்னோர் செய்த எல்லை உடன்படிக்கை கல்லில் வெட்டப்பட்டிருக்கட்டும்; அதன்படி அச்சுரங்கம் அண்டை நாட்டுக்கு உரியது. அதனை அறிந்தவர் அந்நால்வர் மட்டுமே. அவர்கள் தலைநகர் திரும்பும்போது பாலம் சீராகவில்லை. தானியம் அக்கரையில் தேங்கி நிற்கிறது. அதைக் கடனாகத் தர முன்வந்து வாயிலில் காத்திருப்பவர் அதே அண்டை நாட்டின் தூதர். தலைவி அவரிடம் கல்வெட்டைப் பற்றிச் சொல்வாளா என்பதில் அடுத்த அமர்வு தொடங்குகிறது.