கூரை நீண்ட மகிழுந்து

தொடர்வண்டி நிலையத்தில் இறங்கும் பயணியரையும் அவர்தம் பெட்டிகளையும் ஏற்றிச் சென்ற வண்டிக்கே அமெரிக்காவில் முதலில் 'ஸ்டேஷன் வேகன்' என்னும் பெயர் வழங்கியது. பின்னாளில், கூரை கடைக்கோடி வரை நீண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் சுமை வைக்க இடமும் பின்புறத்தில் ஒரு கதவும் கொண்ட குடும்ப மகிழுந்தை அப்பெயர் குறித்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டு வெளிவந்த டாட்டா எஸ்டேட் இவ்வகையைச் சேர்ந்ததே.

1950களில் அமெரிக்கச் சிறுவரிடையே நெகிழி மகிழுந்து மாதிரிகளைச் செய்யும் ஆர்வம் பெருகியது. ஏ.எம்.டி. நிறுவனம் 1958இல், ஒரே வண்டியை மூன்று விதமாகச் செய்வதற்கான உறுப்புகளை ஒரே பெட்டியில் வைத்து விற்றது. ஆயினும் கடைகளில் மிகுதியாகக் கிடைத்தவை இருகதவு வண்டிகளே. வீட்டு வாசலில் நிற்கும் நீண்ட கூரை வண்டியைச் செய்ய விரும்பியவர், கிடைத்ததை அறுத்தே அதனைப் பெற வேண்டியிருந்தது.

அறுத்த இடத்தை மீண்டும் பழையபடி ஆக்குதல் அரிது. ஆகவே தேர்ந்தவர்கள் இரம்பத்தைத் தொடுமுன் அளவுகோலை எடுப்பர். இம்மாதிரிகளுள் பல, உண்மை வண்டியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவின. 5 மீட்டர் நீள வண்டி, மாதிரியில் 20 சென்டிமீட்டர் ஆகும். மாதிரியில் 1 மில்லிமீட்டர் பிழைத்தால், உண்மை வண்டியில் இரண்டரை சென்டிமீட்டர் பிழைத்ததற்கு ஒப்பாகும்.

தொழிற்சாலைகளும் இவ்வண்டியைப் பெரும்பாலும் முற்றிலும் புதிதாக வடித்ததில்லை. முகப்பையும் முன்கதவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியை மாற்றின. மாதிரி செய்பவரும் அவ்வழியே செல்கிறார். பின்கண்ணாடிச் சட்டத்தையும் டிக்கி மூடியையும் நுண்பல் இரம்பத்தால் அறுத்தெடுத்து, பாலிஸ்டைரீன் தகட்டால் கூரையை நீட்டுகிறார். கூரை தட்டையாகத் தோன்றினும் அதன் குறுக்கே மெல்லிய வளைவு ஒன்று உண்டு. அதனை மறந்தால் மகிழுந்து ரொட்டிப் பெட்டி போலாகிவிடும்! தகட்டை அகன்ற டப்பாவின்மேல் கட்டி, பெரியவர் துணையோடு வெந்நீர் ஊற்றி ஆறவிட்டால் வளைவு நிலைக்கும்.

இதற்குரிய பசை காகிதப் பசை போன்றதன்று. அது நெகிழியின் மேற்பரப்பைக் கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாகக் கலக்கச் செய்கிறது. அதன் ஆவி தீங்கு தருமாதலால் சன்னல்களைத் திறந்து வைத்தே வேலை செய்தல் வேண்டும்.

இணைப்பில் தோன்றும் பள்ளங்களை நிரப்புவதைத் தமிழகத் தொழிலாளர் 'பட்டி பார்த்தல்' என்பர். பொறுமை முழுவதும் சோதிக்கப்படுவது இங்கேதான். பட்டி காயக் காயச் சுருங்கும். அது காயுமுன் வண்ணம் பூசினால் வண்டி அன்று அழகாகவே இருக்கும். சில வாரங்களில் அறுத்த தடம் கோடாக மேலெழும். பிறகு வண்ணத்தை நீக்கி மீண்டும் தொடங்க வேண்டியதுதான். மெல்லிய பூச்சாகப் பூசி, நன்கு காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தல் நன்று. அதன்மேல் சாம்பல் நிறப் பிரைமர் பூசினால் எஞ்சிய கீறல்களும் தெரிந்துவிடும்.

இறுதியாகப் பின்கதவு. ஃபோர்டு நிறுவனத்தின் 1966ஆம் ஆண்டு வண்டிகளில் அக்கதவு கீழ்நோக்கியும் திறந்தது, பக்கவாட்டிலும் திறந்தது. அதைச் செய்பவர் கீல்களைக் கீழும் ஓரத்திலும் காட்டுதல் வேண்டும். உள்ளே பின்னிருக்கையை மடித்துச் சுமைத்தளம் அமைத்தால், சிறு பெட்டிகளையும் அடுக்கலாம்.

சொற்பொருள்
நெகிழி – பிளாஸ்டிக். இரம்பம் – அறுக்கும் கருவி. கீல் – கதவு திரும்ப உதவும் இணைப்பு. உப்புத்தாள் – தேய்த்து வழவழப்பாக்கும் தாள்

விடை எழுதுக
1. உண்மை வண்டியின் கதவு 1 மீட்டர் அகலமெனில், மாதிரியில் அதன் அகலம் எவ்வளவு?
2. பட்டி காயுமுன் வண்ணம் பூசினால் யாது நேரும்?
3. பட்டி, உப்புத்தாள், டிக்கி ஆகியவற்றை நீங்கள் வாழும் ஊரின் மொழியில் எவ்வாறு வழங்குகின்றனர்? அருகிலுள்ள பட்டறையில் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதுக.