பாதி மாறிய பாறை

மைசூரு

அன்புள்ள தம்பிக்கு,

பிளஸ் டூ முடித்ததும் நிலவியல் படிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேலைவாய்ப்புப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசலாம். இப்போது ஒரு பேராசிரியரைத் தெரிந்துகொள்.

சி. எஸ். பிச்சமுத்து மைசூர் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்தவர். மைசூர் அரசின் நிலவியல் துறைக்கு இயக்குநராகவும் இருந்தவர். அவர் விடாமல் பின்தொடர்ந்த கல் சார்னோகைட். அது உனக்குப் புதிதல்ல, சென்னைப் பல்லாவரம் மலையின் கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை 1893இல் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே கல்லுக்கும் வைத்தார். உருகிய குழம்பு இறுகிப் பிறந்த பாறை அது என்பது ஹாலந்தின் முடிவு. எல்லோரும் ஏற்கவில்லை. வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

இந்த வழக்கில் பிச்சமுத்துவுக்குத் தடயம் தந்தது, கனகபுரா அருகே உள்ள கப்பாளதுர்கம் என்றொரு மலை. அதன் அடிவாரக் கல் குவாரியில் வெளிர் சாம்பல் நிற நைஸ் பாறை, துணியில் கோடு போட்டதுபோல் வரிவரியாக இருக்கிறது. நடுநடுவே எண்ணெய் ஊறியதுபோன்ற கரும்பச்சைத் திட்டுகள், அவைதான் சார்னோகைட். உற்றுப் பார்த்தால் நைஸின் வரிகள் திட்டுக்குள்ளும் நுழைந்து, மெல்ல மங்கி மறைகின்றன. வெளியிலிருந்து வந்து புகுந்த குழம்பானால் அந்த வரிகளை வெட்டியிருக்குமே! பழைய பாறையே நின்ற இடத்தில் புதிய பாறையாகிக்கொண்டிருந்தபோது மாற்றம் பாதியில் நின்றுவிட்டது. 1960இல் 'நேச்சர்' இதழில் பிச்சமுத்து எழுதிய சிறு கட்டுரையின் தலைப்பே, 'உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோகைட்' என்ற பொருள் தருவது. ஒரு மாணவனுக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்குமா?

மாற்றியது எது என்ற கேள்வியை மைசூர் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். ஜனார்தன் எடுத்துக்கொண்டார். சிகாகோவின் ராபர்ட் நியூட்டன் முதலானோருடன் 1979இல் அவர் வெளியிட்ட விளக்கம் இது: சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் வெகு ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், கார்பன் டை ஆக்சைடு மிகுந்த ஆவி பிளவுகள் வழியே ஏறி நீரை விரட்டியது. நீரைத் தமக்குள் கட்டிவைத்திருந்த பயோடைட், ஹார்ன்பிளெண்ட் கனிமங்கள் சிதைந்து ஹைப்பர்ஸ்தீன் பிறந்தது. கல் கறுத்தது.

பிச்சமுத்து ஆய்வாளர்களுக்கு மட்டும் எழுதியவர் அல்லர். நேஷனல் புக் டிரஸ்டுக்காகப் பொது வாசகர் படிக்க இந்தியாவின் இயற்கைப் புவியியல் பற்றி ஒரு நூலும் எழுதினார். முதலில் அதைத் தேடிப் படி.

விடுமுறைக்கு வா. முதல் நாள் சாமுண்டி மலைப் படிகளில் ஏறுவோம். அந்தக் கிரானைட்டுக்கு ஏறத்தாழ 80 கோடி வயது, கப்பாளதுர்கத்துக் கல்லுக்கு அது மிகவும் இளையது. மறுநாள் குவாரிக்குப் போவோம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று கொண்டுவா. சுத்தியல் வேண்டாம், அந்தத் திட்டுகளை உனக்குப் பின்னால் வருகிறவர்களும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்