தேனும் பூந்தாதும்: நன்மையும் அபாயமும்

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளிலும், சித்தேரி, வத்தல்மலை முதலிய மலைகளிலும் தேன் கிடைக்கிறது. மலைத்தேனீ பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் பெரிய அடை கட்டும். மரப்பொந்துகளில் வாழும் அடுக்குத்தேனீயைப் பெட்டியில் வைத்தும் வளர்க்கலாம். புளி, எள், தென்னை, முருங்கை ஆகியவற்றின் பூக்கள் இவற்றிற்கு இரையளிக்கின்றன. இத்தேன் சகல நோய்க்கும் மருந்து என்றும், தேனீ கொண்டுவரும் பூந்தாது அளவற்ற பலம் தரும் என்றும் பலர் சொல்லுகின்றனர். இதில் மெய் எது, மிகை எது என்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

தேனின் குணம்

நூறு பங்கு தேனில் ஏறக்குறைய 80 பங்கு சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி நீர். அது விரைவில் ஜீரணமாகி உடலுக்குச் சக்தி தரும். உயிர்ச்சத்துக்களோ மிகச் சொற்பம். ஆகையால் நீரிழிவு உள்ளவர்கள் தேனையும் சர்க்கரையாகவே கருதவேண்டும். ஒரு வயது கடந்த குழந்தைகளுக்குச் சளி இருமல் கண்டபோது, படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இருமல் ஓரளவு தணிவது சோதனைகளில் தெரிந்துள்ளது. மூச்சுத் திணறல் இருந்தால் தேனை நம்பிக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கைக்குழந்தைகளுக்குத் தேன் ஆகாது

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. அன்பினால் செய்வதாயினும் இது அபாயமானது. மண்ணிலுள்ள ஒருவகை நுண்கிருமியின் வித்துக்கள் தேனில் கலந்திருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் இவை வளர்வதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கலாம். இந்நோய் 1976-ம் வருஷத்தில் அமெரிக்காவில் முதன்முதலாக அறியப்பட்டது. மலச்சிக்கல், பால் உறிஞ்ச இயலாமை, ஈன அழுகை, தலை துவளுதல் ஆகியவை இதன் குறிகள். இவற்றைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். தேன் சுத்தமானதாக இருந்தாலும், வீட்டில் காய்ச்சினாலும் இவ்வித்துக்கள் அழிவதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும்.

பூந்தாது

தேனீயின் பின்கால்களில் உருண்டையாக ஒட்டிவரும் பூந்தாதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் உண்டு. நம் நிலத்தில் விளையும் கொள்ளிலும் அவ்வளவு உண்டு. அதன் விலையோ குறைவு. பூந்தாது நோய் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. அபாயமோ உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், பூந்தாது ஒவ்வாதவர்களுக்கும் சிறிதளவு உண்டாலும் தடிப்பு, தொண்டை வீக்கம், சில சமயம் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். இவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பது நலம்.

உள்ளூர்த் தேன் உண்டால் தும்மலும் மூக்கு நீர்வடிதலும் நீங்கும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. அத்துன்பத்தைத் தருவது பெரும்பாலும் புல் முதலியவற்றிலிருந்து காற்றில் பறந்துவரும் தாது. தேனில் இருப்பதோ பெரும்பாலும் தேனீ நாடும் மலர்களின் தாது.

கவனிக்க வேண்டியவை

1. பூக்கும் பருவத்தில் பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. தெளித்தால் தேனீ மடியும். மருந்து பூந்தாதிலும் சேரும். தெளித்தே தீரவேண்டுமாயின், தேனீக்கள் கூடு திரும்பியபின் மாலையில் தெளிக்கவும்.

2. மூடப்பட்ட அறைகளில் முதிர்ந்த தேனையே எடுக்கவும். 100-க்கு 20 பங்குக்கு மேல் நீருள்ள தேன் எளிதில் புளித்துப் பொங்கும்.

3. தேன் புளிப்புத்தன்மை உடையதாதலால் செம்பு, நாகப்பூச்சுப் பாத்திரங்களில் வைக்காமல், உலர்ந்த கண்ணாடி ஜாடியில் மூடிவைக்கவும்.

4. பச்சைப் பூந்தாதில் ஈரம் மிகுதி. உலர்த்தாவிடில் பூஞ்சணம் பிடிக்கும்.

5. தேனில் திரியை நனைத்துக் கொளுத்துவதும், தேனை நீரில் விடுவதும் கலப்படத்தைக் காட்டும் உறுதியான சோதனைகள் அல்ல. தேன் உறைவதும் கலப்படத்தின் குறியன்று.

தேன் நல்ல ஆகாரம்; சர்வரோக நிவாரணி அன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் வீடுதோறும் எடுத்துச் சொல்வார்களாயின், அது பெரும் உபகாரமாகும்.