நறுமணமும் வெள்ளிக்கலமும்

முன்னுரை

ஒரு கலத்தின் வடிவம் அதனுள் இருந்த பொருளைக் காட்டும். பண்டைக் கிரேக்கரின் மணக்கலங்களையும் நம் இல்லங்களில் உள்ள பன்னீர்ச் செம்பையும் ஒப்புநோக்கி இதனை ஈண்டு ஆராய்வோம்.

கிரேக்கர் கலங்கள்

கிரேக்கர் மலர்களையும் வேர்களையும் எண்ணெயில் ஊறவைத்து நறுமணத் தைலம் செய்தனர். ஆதலின், அவர்தம் கலங்கள் தொட்டுப் பூசுதற்கு ஏற்றனவாய் அமைந்தன. 'அலபாஸ்திரான்' என்னும் கலம் நீண்ட உடலும் உருண்ட அடியும் உடையது. அதன் குறுகிய கழுத்து மணம் வெளியேறாமல் காத்தது. அகன்ற தட்டை விளிம்பு தைலத்தை உடலில் பரப்ப உதவிற்று. 'அரிபல்லோஸ்' என்னும் சிறு குப்பியை விளையாட்டு வீரர் மணிக்கட்டில் தொங்கவிட்டுச் சென்றனர்.

வெப்பம் மணத்தைக் கெடுக்கும் என்பதையும், குளிர்ச்சியும் செறிவும் உடைய ஈயமும் அலபாஸ்டர் கல்லும் தைலம் வைக்க ஏற்றவை என்பதையும் தியோபிராஸ்டஸ் எழுதியுள்ளார். எனவே, வெள்ளியில் இக்கலங்களைச் செய்தது பயன் கருதி மட்டுமன்று. பெருமை கருதியும் ஆகும் எனலாம். கிரேக்கரின் அண்டை நாடான லிடியாவின் புதைமேடுகளிலும் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வெள்ளி அலபாஸ்திரான்கள் கிடைத்துள்ளன.

யவனர் வாணிகம்

கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'பெரிப்ளூஸ்', பரிகசா மன்னனுக்கென விலையுயர்ந்த வெள்ளிக்கலங்களும் உயர்ந்த தைலமும் கொண்டுவரப்பட்டதைக் கூறுகிறது. பரிகசா இன்றைய குஜராத்தின் பரூச் ஆகும். அந்நூல் 'அர்கரு' எனக் குறிப்பது நம் புத்தூரை அடுத்த உறையூரே என்பர் அறிஞர். அங்கிருந்து மெல்லிய துணி சென்றது. முசிறியிலிருந்து கங்கைச் சடாமாஞ்சில் சென்றதை கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணமும் காட்டுகிறது. மணப்பொருள் மேற்கே செல்ல, மணத்தைலம் கிழக்கே வந்தது.

பன்னீர்ச் செம்பு

மணப்பொருளை நீராவியால் வடிக்கும் முறை அரபு உலகில் சிறந்து வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி இதுபற்றித் தனி நூலே இயற்றினார். எண்ணெயின் இடத்தில் நீர் வந்ததும் கலமும் மாறிற்று. உருண்ட வயிறு, நீண்ட கழுத்து, துளையிட்ட தலை ஆகியன தெளித்தற்கு உரியவை. அத்தரோ எண்ணெய்த் தன்மையது. ஆகவே அது இன்றும் சிறு குப்பியில் இருந்து தொட்டே பூசப்படுகிறது. 'பன்னீர்' என்பது பனிநீரின் மரூஉ. 'அத்தர்' அரபு 'இத்ர்' என்பதன் திரிபு. ஒரே திருமண வாயிலில் இவ்விரு சொற்களும் இருவகைக் கலங்களும் ஒன்றுகூடி நிற்கின்றன.

முடிவுரை

பழைய வெள்ளிச் செம்புகளை உருக்கிப் புது நகை செய்துகொள்வது வீடுகளில் நடப்பதே. உருக்கிய பின் வெள்ளி மிஞ்சும். வடிவமும் பெயரும் மிஞ்சா. மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துக் கலங்களை வரைந்து, எடையிட்டு, பெரியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அக்குறிப்பே நாளைய ஆய்வுக்குச் சான்றாகும்.