மலைப்பாதையும் பழைய பெயர்களும்



நமது விரிகுடாப் பகுதியிலிருந்து கிழக்கே சில மணி நேரம் காரிற் சென்றால் யோசெமிற்றி தேசியப் பூங்காவை அடையலாம். அங்குள்ள பள்ளத்தாக்கில், ஹப்பி ஐல்ஸ் என்னுமிடத்திலிருந்து ஓர் ஒற்றையடிப்பாதை மலைமேல் ஏறுகிறது. அதுவே ஜோன் மியூர் பாதை. ஏறத்தாழ 211 மைல் நீளமான அது, மூன்று தேசியப் பூங்காக்களின் ஊடாகச் சென்று, 14,505 அடி உயரமான விற்னி மலையுச்சியில் முடிவடைகிறது. முழுவதும் நடப்போருக்கு மூன்று வாரமளவு செல்லும். உணவை முதுகிலே சுமக்க வேண்டும். கரடி திறக்கவியலாத பேழையில் அதனைப் பூட்டியும் வைக்க வேண்டும்.

இரு சிகரங்களுக்கிடையே தாழ்ந்து கிடக்கும் வழியைக் 'கணவாய்' என்பர். இப்பாதையிலுள்ள போரெஸ்ரர் கணவாயின் உயரம் 13,153 அடி. இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையோ 8,281 அடிதான். தென்னிந்தியாவின் ஆனைமுடி 8,842 அடி. அங்கே சிகரம், இங்கே வெறும் வழி!

நான் முழுப்பாதையும் நடந்தவனல்லேன். சென்ற கோடையில் நெவாடா அருவி வரை, மகன் முன்னே ஓட, மூச்சிரைக்கப் பின்னே ஏறினேன். அவ்வளவே.

இயற்கை அறிஞர் ஜோன் மியூர் 1914 இல் காலமானார். மறு ஆண்டு கலிபோர்னியா அரசு பணம் ஒதுக்கியது. 1938 இல் பாதை நிறைவெய்தியது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலைகளில் வழிகள் இருந்தன. பையூட் மக்கள் கிழக்கிலிருந்து எரிமலைக் கண்ணாடிக் கற்களைச் சுமந்து வந்து, மேற்கிலிருந்து ஓக் மர விதைகளைப் பெற்றுச் சென்றனர். அவர்கள் மொழியில் இவ்வழியின் பெயர் 'நூமு போயோ', மக்களின் பாதை.

யோசெமிற்றிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர் அவானீச்சி மக்கள். 1851 இல் ஆயுதப் படையொன்று அவர்களை வெளியேற்றியது. மலைமேல் இருந்த ஓர் ஏரியைக் குறித்து முதிய தலைவர் தெனாயாவிடம், "இவ்வேரிக்கு இனி உமது பெயரையே இடுகிறோம்" என்றான் படையாளன் ஒருவன். தலைவர் மகிழவில்லை. அதற்கு ஏற்கெனவே பெயர் உண்டென்றார். 'பைவியாக்', ஒளிரும் பாறைகள் என்பது பொருள். இன்று வரைபடத்தில் இருப்பது தெனாயா ஏரி.

ஊரைவிட்டு வந்தவனாகையால், இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் ஊர்க் குளத்தின் பெயரை என் மகன் இன்னமும் பிழையாகவே உச்சரிக்கிறான்.

பயிற்சி: உங்கள் பெற்றோரின் ஊரிலுள்ள குளம், ஒழுங்கை, வயல் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுக. பெயர்க் காரணம் தெரியாவிடின் பாட்டனார், பாட்டியாருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவும்.