சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த இங்கிலீஷ்



முதலாம் ஆண்டு வேதியியல் தேர்வில் ஒரு கேள்வி. குவிக் லைமுக்கும் ஸ்லேக்டு லைமுக்கும் உள்ள வேறுபாடு என்ன? உடையார்பாளையத்தில் எங்கள் ஆயா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றும்போது, தண்ணீர் பட்டதும் அது புஸ்ஸென்று கொதிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்தவன் நான். இருந்தும் அந்தக் கேள்வியைத் தொடாமல் வந்துவிட்டேன். காரணம், 'ஸ்லேக்' என்றால் என்னவென்று தெரியாது! 5 மார்க் போச்சு. அரியர் விழுந்தது 3 மார்க்கில்.

பிறகுதான் டிக்ஷனரியைப் புரட்டினேன். ஸ்லேக் என்றால் தாகம் தணித்தல். குவிக் என்றால் வேகம் என்றுதானே நினைக்கிறோம்? பழைய ஆங்கிலத்தில் 'உயிருள்ள' என்று பொருள். பாதரசம் உயிருள்ளதுபோல் ஓடுவதால் குவிக்சில்வர். காளவாயில் சுட்ட கல் உயிருள்ள சுண்ணாம்பு; தண்ணீர் குடித்துத் தாகம் தீர்ந்தால் ஸ்லேக்டு லைம். இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

அன்று முதல் வார்த்தைகளைத் தனித்தனியாகப் படிப்பதை விட்டேன். வேரைப் பிடித்தால் கொத்தாக வரும். லத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்புக்கல். அதிலிருந்துதான் 1808-இல் ஹம்ப்ரி டேவி கால்சியம் என்று பெயர் வைத்தார். கல்லைச் சூளையில் சுடுவது கால்சினேஷன். சின்னக் கல் 'கால்குலஸ்'. ரோமானியர்கள் கூழாங்கல்லை வைத்து எண்ணினார்கள். ஆகவே கால்குலேட், நம்ம பையிலுள்ள கால்குலேட்டர், நம்மை அழவைக்கும் கால்குலஸ் எல்லாம் ஒரே குடும்பம். டாக்டர்கள் சிறுநீரகக் கல்லையும் கால்குலஸ் என்றே சொல்கிறார்கள். (இரண்டும் வலிதான்!) 'சாக்' என்ற சொல்லும் இந்த வேரில் வந்ததே.

சாக்குக்கு லத்தீனில் இன்னொரு பெயர் 'கிரேட்டா'. அதிலிருந்து கிரெட்டேஷியஸ். அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளின் காலம் அதுதான். அப்போது இங்கே கடல். சுரங்கத்தில் கிடைக்கும் சுருள் சுருளான அம்மோனைட் கல், ஆட்டுக்கடா கொம்பு வைத்த எகிப்திய தெய்வம் ஆமோனின் பெயரைக் கொண்டது. சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரியைப் பார்க்கும்போது இதெல்லாம் ஞாபகம் வரட்டும்.

ஆனால் ஒன்று, வேர் ஏமாற்றவும் செய்யும். ஜெயங்கொண்டம் லிக்னைட் எரிகிறதே என்று அதை 'இக்னைட்'டுடன் சேர்த்து எழுதிவைத்திருந்தேன். தப்பு. லிக்னைட் 'லிக்னம்', அதாவது மரம். இக்னைட் 'இக்னிஸ்', அதாவது தீ; நம்ம அக்னிக்குச் சொந்தம். சந்தேகம் வந்தால் டிக்ஷனரியைப் பார்த்தே தீரவேண்டும்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கியூரிங். நோயைக் குணப்படுத்துவது என்று எழுதினால் எக்ஸாமினர் சிரிப்பார். வேர் 'கியூரா', அதாவது கவனிப்பு. கான்கிரீட்டை 7 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறோமே, அந்தக் கவனிப்பு. மெக்கானிக்கல் நண்பர்கள் கிரைண்டிங் வீலில் படிக்கும் கொரண்டம் நம்ம குருந்தம்தான். கட்டுமரம் கேட்டமரன் ஆனதுபோல் தமிழிலிருந்து போனது. நம்ம வீட்டுச் சரக்குக்கே நாம் பயப்படுகிறோம்!

1949-இல் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' வேர் வழியாகவே சொல்லித்தருகிறது, லைப்ரரியில் கேளுங்கள். ஆனால் நமக்கு முதல் புத்தகம் லேப் மேனுவல்தான் என்பேன். 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வேருக்கு ஒரு பக்கம். தமிழில் பொருள் எழுதக் கூச்சப்படாதீர்கள். கீழே, அன்று ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலையை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். அதை வாய்விட்டு இரண்டு முறை சொல்ல வேண்டும். வைவாவில் பேனா பேசாது.

அரியர் தேர்வில் ஸ்லேக்டு லைம் வரவே இல்லை. 'ஹைக்ராஸ்கோபிக்' என்று ஒன்று வந்தது. ஹைக்ரோ என்றால் ஈரம். என் நோட்டில் நாலாம் பக்கம்.